ஏற்றத்துக்கு ஏற்ற எஞ்சின் எது? ஜவ்வாது மலைச் சாலையும் சுசுகியின் எஞ்சின் குடும்பங்களும்

796 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு நான்கு பேரோடு ஒரு கார் மலை ஏறுமா? 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, 1489 சிசி அம்பாசடரையும் 1089 சிசி பிரிமியர் பத்மினியையும் பார்த்துப் பழகிய நாட்டில் இயல்பாக எழுந்த ஐயம் இது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கேள்வி தீரவில்லை. அதன் வடிவம்தான் மாறியிருக்கிறது. அன்று "ஏறுமா" என்றார்கள். இன்று "மூன்று சிலிண்டரா நான்கா", "டீசல் போனபின் எதை நம்புவது", "கேஸ் வண்டியில் இழுவை குறையுமா", "பேட்டரி வண்டி தாங்குமா" என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளை வரிசைப்படுத்திப் பார்க்க ஜவ்வாது மலை பொருத்தமான இடம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலை, ஊட்டியைப் போல மிக உயர்ந்ததும் அல்ல, தவிர்த்துவிட்டுப் போகக்கூடியதும் அல்ல. வைணு பாப்பு வானாய்வகம் அமைந்த காவலூர், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர் பக்கங்களிலிருந்து ஏறும் சாலைகள்தான் ஜமுனாமரத்தூரையும் புதூர்நாட்டையும் சமவெளியோடு இணைக்கின்றன. சாமையும் புளியும் தேனும் கீழே இறங்குவதும், அரிசியும் மருந்தும் மேலே ஏறுவதும் இந்தச் சாலைகளில்தான். இங்கே எஞ்சினின் தகுதி அன்றாடத் தேவை.

சுசுகியை எடுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. ஒரே ஜப்பானிய நிறுவனம், மாருதி வழியாக, இந்தியச் சிறு கார்களுக்கு எஃப், ஜி, கே, இசட் என நான்கு பெட்ரோல் எஞ்சின் குடும்பங்களையும், வெளியிலிருந்து பெற்றதும் சொந்தமாகச் செய்ததுமான டீசல்களையும் அடுத்தடுத்துக் கொடுத்திருக்கிறது. ஒரே கேள்விக்கு ஒரே வீட்டிலிருந்து வந்த வெவ்வேறு விடைகளாக இவற்றை ஒப்பிட முடிகிறது.

குடும்பம் என்று எதைச் சொல்கிறோம்

எஞ்சின் குடும்பம் என்பது ஒரே அடிப்படை வடிவமைப்பிலிருந்து பிறந்த பல அளவுகள். சிலிண்டரின் விட்டம், சிலிண்டர்களுக்கு இடையிலான தூரம், பிளாக்கை வார்க்கும் அச்சு, அதைக் கடையும் இயந்திர வரிசை ஆகியவற்றைப் பெரும்பாலும் பொதுவாக வைத்துக்கொண்டு, பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் நீளத்தையும் சிலிண்டர் எண்ணிக்கையையும் மாற்றினால் புதிய அளவு கிடைத்துவிடும்.

கே குடும்பம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2008இல் ஏ-ஸ்டாரில் வந்த 998 சிசி கே10பி, 2009இல் ரிட்ஸில் வந்த 1197 சிசி கே12எம், 2012இல் எர்டிகாவில் வந்த 1373 சிசி கே14பி ஆகிய மூன்றிலும் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் பயணம் மட்டும் முறையே 79.5, 71.5, 82 மில்லிமீட்டர். முதலாவதில் மூன்று சிலிண்டர், மற்ற இரண்டில் நான்கு. எழுத்து குடும்பத்தையும், அடுத்து வரும் எண் கொள்ளளவையும் குறிக்கிறது. கே10 என்றால் ஏறத்தாழ 1.0 லிட்டர், இசட்12 என்றால் 1.2 லிட்டர்.

குடும்ப முறையின் நோக்கம் முதன்மையாகச் செலவைக் குறைப்பது. வாங்குகிறவருக்கும் அதில் நன்மை உண்டு. ஒரே குடும்பம் பல வண்டிகளில் ஓடும்போது உதிரி பாகம் எளிதாகக் கிடைக்கிறது. சிறிய ஊர் மெக்கானிக்கின் கைக்கும் அந்த எஞ்சின் பழகிவிடுகிறது. மலையில் ஓட்டுகிறவருக்கு இது குதிரைத்திறனுக்குக் குறையாத மதிப்புள்ளது.

மலை உண்மையில் கேட்பது எவ்வளவு

விடைகளுக்குப் போகுமுன் ஒரு கணக்கு. ஆட்களோடு 1250 கிலோ எடையுள்ள கார், 15 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூக்குவதற்கும் டயர் உருளும் எதிர்ப்பை வெல்வதற்கும் சேர்த்துச் சக்கரத்தில் தேவைப்படுவது சுமார் 11 குதிரைத்திறன். 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் செங்குத்தான இடத்திலும் 16ஐச் சுற்றித்தான் வருகிறது. கியர் பெட்டியில் ஆகும் இழப்பைச் சேர்த்தாலும் 20ஐத் தாண்டாது.

ஆக, விளம்பரத்தில் வரும் 80, 90, 100 குதிரைத்திறன் என்ற எண்கள் மலைக்கு நேரடியாகப் பொருந்துவதில்லை. அந்த உச்சம் 5500, 6000 சுற்றுகளில் கிடைப்பது. கொண்டை ஊசி வளைவில் வேகம் 15 கிலோமீட்டருக்கு இறங்கும்போது, இரண்டாம் கியரில் சிறு காரின் எஞ்சின் ஏறத்தாழ 1100 சுற்றில்தான் இருக்கும். அந்தத் தாழ்ந்த சுற்றில் எவ்வளவு முறுக்குவிசை இருக்கிறது என்பதே வண்டி தொடர்ந்து இழுக்குமா, முதல் கியருக்கு இறங்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. பேச்சு வழக்கில் இழுவை, பிக்கப் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். காவலூர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ அதே விகிதத்தில் திறனை இழக்கும். ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை இது சிறிய இழப்புதான். மெல்லிய காற்றால் வண்டி திணறுகிறது என்ற விளக்கம் இமயமலைச் சாலைகளுக்குப் பொருந்தலாம். இங்கே சுமையும் கியரும்தான் முக்கியம்.

முதல் விடை: எடையைக் குறை, எஞ்சின் சிறியதே போதும்

சுசுகியின் முதல் விடை அதன் ஜப்பானியப் பிறப்பிலிருந்தே வந்தது. 1955இல் சுசுலைட் என்ற 360 சிசி இரு-ஸ்ட்ரோக் வண்டியோடு கார் உலகுக்குள் வந்த நிறுவனம் அது. ஜப்பானில் சிறுவகைக் கார்களுக்குச் சட்டம் வகுத்த கொள்ளளவு வரம்பு 360 சிசியாக இருந்து, 1976இல் 550ஆகவும், 1990இல் 660ஆகவும் உயர்ந்தது. அந்த வரம்புக்குள் வாழப் பழகியவர்கள், எஞ்சினைப் பெரிதாக்குவதற்கு முன் வண்டியின் எடையைக் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

எஃப் குடும்பத்து எஃப்8பி இந்தச் சிந்தனையின் வடிவம். மூன்று சிலிண்டர், 68.5 மில்லிமீட்டர் விட்டம், 72 மில்லிமீட்டர் பயணம், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. மாருதி 800இலும், அடுத்த ஆண்டு வந்த ஆம்னியிலும் இதுவே. எரிபொருளைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வடிவத்தில் இது தந்தது 37 குதிரைத்திறன். முறுக்குவிசை 2500 சுற்றில் 59 நியூட்டன் மீட்டர்.

கவனிக்க வேண்டியது அந்த 2500. 2500 சுற்றில் 59 நியூட்டன் மீட்டர் என்பது சுமார் 21 குதிரைத்திறனுக்குச் சமம். நான்கைந்து பேரோடு 1000 கிலோ ஆகும் மாருதி 800, பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் 30 கிலோமீட்டர் வேகத்துக்குக் கேட்பது 13 குதிரைத்திறன் அளவே. "ஏறுமா" என்ற ஐயத்துக்கு இயற்பியல் தந்த விடை: ஏறும். பின்னர் சிலிண்டருக்கு நான்கு வால்வுகளோடு வந்த எஃப்8டி, 2000இல் ஆல்ட்டோவில் அறிமுகமானது. உச்சத் திறன் கூடியது. ஆனால் முறுக்குவிசையின் உச்சம் மேல் சுற்றுக்கு நகர்ந்தது. நெடுஞ்சாலைக்கு ஆதாயம், வளைவுக்கு அவ்வளவு இல்லை.

இந்த விடையின் பலவீனம் சுமையில் தெரிகிறது. சுமார் 650 கிலோ வண்டியில் 350 கிலோ ஏறினால் எடை பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. இன்றைய ஸ்விஃப்ட் போன்ற சுமார் 920 கிலோ வண்டியில் அதே சுமை 38 சதவீதம்தான். தனி ஆளாக ஏறும்போது துள்ளும் இலேசான வண்டி, முழுக் குடும்பத்தோடு ஏறும்போது சட்டென்று சோர்ந்துவிடுவது இதனால்தான். ஏசியையும் ஓடவிட்டால், மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் அதுவும் பங்கு கேட்கும்.

இரண்டாம் விடை: நான்கு சிலிண்டர், கூடுதல் சுற்று

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உந்துகிறது. மூன்று சிலிண்டர் ஒன்றரை முறை. தாழ்ந்த சுற்றில் இந்த வேறுபாடு உடலுக்கே தெரியும். மூன்று சிலிண்டர் வண்டி வளைவில் அதிரத் தொடங்கும் இடத்தில் நான்கு சிலிண்டர் இன்னும் சற்று நேரம் அமைதியாக இழுக்கும்.

சுசுகியின் ஜி குடும்பம் அலுமினியப் பிளாக்கோடு வந்த இலேசான எஞ்சின்களைக் கொண்டது. 1993இல் வந்த ஜென் காரின் 993 சிசி எஞ்சினும், 1994இல் வந்த எஸ்டீமின் 1298 சிசி எஞ்சினும் இதில் சேர்ந்தவை. 2005இல் ஸ்விஃப்ட் முதலில் வந்தபோதும் அதில் இருந்தது 1298 சிசி ஜி13தான். ஜென் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணமோ 61 மட்டுமே. குறுகிய பயணம் கொண்ட எஞ்சின் உயர்ந்த சுற்றை விரும்பும். ஓட்டுவதில் ஆர்வமுள்ளவர்கள் ஜென்னைக் கொண்டாடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஏற்றத்தில் அதைச் சுற்றிலேயே வைத்திருக்க வேண்டும். கியரை அடிக்கடி மாற்றச் சோம்பினால் வண்டி முனகும்.

இந்தக் கட்சியின் வாதம் மென்மையும் நீடித்த உழைப்பும். பலவீனம், அதே கொள்ளளவுக்குக் கூடுதல் பாகங்கள், கூடுதல் உராய்வு, கூடுதல் விலை. எரிபொருள் சிக்கனம் சட்டத்தின் கண்ணுக்கு வந்தபிறகு இந்தப் பலவீனம் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது.

மூன்றாம் விடை: டீசல்

மலைக்கு டீசல்தான் என்பது தமிழ்நாட்டில் வேரூன்றிய நம்பிக்கை. பேருந்தும் லாரியும் ஜீப்பும் வளர்த்த நம்பிக்கை அது. இதில் சுசுகி நெடுங்காலம் கடன் வாங்கியே நின்றது. ஜென்னிலும் எஸ்டீமிலும் வைத்த 1527 சிசி டீசல், பிரான்சின் பெஜோ நிறுவனத்துடையது. 2007இல் ஸ்விஃப்ட்டில் டிடிஐஎஸ் என்ற பெயரில் வந்த 1248 சிசி எஞ்சின், இத்தாலியின் ஃபியட் வடிவமைத்து, உரிமம் பெற்று மானேசரில் செய்யப்பட்டது.

அந்த டிடிஐஎஸ் தந்தது 75 குதிரைத்திறன். 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். அதே ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோலோடு ஒப்பிட்டால் திறன் குறைவு, முறுக்குவிசை ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆட்களை ஏற்றிக்கொண்டு நீண்ட ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே போக முடிந்தது இதனால்தான். டர்போ இருப்பதால் உயரத்தில் காற்று மெலிவதும் பெரிதாகப் பாதிப்பதில்லை.

ஆனால் இந்த விடையிலும் ஓர் ஓட்டை உண்டு. சுமார் 1800 சுற்றுக்குக் கீழே டர்போ முழுமையாக விழிப்பதில்லை. வளைவில் இரண்டாம் கியரில் 1100 சுற்றுக்கு வந்துவிட்டால், 190 என்ற எண் ஏட்டில்தான் இருக்கும். அந்த நேரத்தில் முதல் கியருக்கு இறங்காமல் அரை கிளட்சில் ஓட்டுகிறவர்களின் கிளட்ச் பிளேட்டுதான் அதற்கு விலை கொடுக்கும். டீசல் பற்றிய நம்பிக்கை நேரான ஏற்றத்துக்கு முழுமையாகவும், வளைவுக்குப் பாதியாகவும் பொருந்துகிறது என்று சொல்லலாம்.

சுசுகி சொந்தமாகச் செய்த டீசல்கள் நீடிக்கவில்லை. 2015இல் செலெரியோவில் வந்த 793 சிசி இரு சிலிண்டர் டீசல், 125 நியூட்டன் மீட்டர் தந்தும் அதிர்வும் மந்தமும் காரணமாக வரவேற்புப் பெறவில்லை. 2019இல் சியாஸில் வந்த 1498 சிசி டீசல் 95 குதிரைத்திறனும் 225 நியூட்டன் மீட்டரும் கொண்ட தேர்ந்த எஞ்சின். ஆனால் 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது, டீசல் கார்களையே கைவிடுவதாக நிறுவனம் ஏற்கெனவே அறிவித்துவிட்டது. ஓராண்டு வாழ்ந்து மறைந்த அந்த எஞ்சின், மலைச் சாலைக்குச் சுசுகி தந்த மிகச் சிறந்த விடையாகக்கூட இருந்திருக்கலாம். சோதித்துப் பார்க்கக் காலம் இடம் தரவில்லை.

நான்காம் விடை: சிறு பெட்ரோலுக்கு டர்போ

டீசலின் முறுக்குவிசையைப் பெட்ரோலில் கொண்டுவர முடியுமா என்பதற்கான முயற்சி பூஸ்டர்ஜெட். கே10சி என்ற 998 சிசி மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின், 2017இல் பலேனோ ஆர்எஸ் வண்டியிலும், 2023இல் ஃப்ராங்ஸிலும் வந்தது. ஃப்ராங்ஸில் இது 100 குதிரைத்திறனும், 2000 முதல் 4500 சுற்று வரை 148 நியூட்டன் மீட்டரும் தருகிறது. டர்போ இல்லாத 998 சிசி கே10 தருவது 90 நியூட்டன் மீட்டரை ஒட்டியே.

ஏற்றத்துக்கு இது வலுவான விடை. எனினும் வளைவில் டர்போ விழிக்கும்வரை காத்திருக்கும் குறை, அளவில் குறைந்தாலும், இங்கும் உண்டு. தொடர் ஏற்றத்தில் சூடேறும் டர்போவுக்கு நல்ல எண்ணெயும் நேரத்துக்கு மாற்றும் ஒழுங்கும் தேவை. விலையும் கூடுதல். எளிய வண்டிகளுக்கு இது இன்னும் இறங்கி வரவில்லை.

ஐந்தாம் விடை: எஞ்சின் அல்ல, கியர்

இன்னொரு கட்சி, கேள்வியே தவறு என்கிறது. சக்கரத்துக்குப் போவது எஞ்சினின் முறுக்குவிசை மட்டும் அன்று. கியர் விகிதத்தால் பெருக்கப்பட்ட விசை. 1985இல் வந்த ஜிப்ஸி இதற்குச் சான்று. அதன் எஃப்10ஏ எஞ்சின் வெறும் 970 சிசி, விட்டம் 65.5, பயணம் எஃப்8பியின் அதே 72. அதை வைத்துக்கொண்டு ராணுவமும் வனத்துறையும் செல்லாத இடமெல்லாம் சென்றது, நான்கு சக்கர இயக்கமும் குறைவேகக் கியரும் இருந்ததால். பின்னர் அது 1298 சிசி ஜி13க்கு மாறியது. 2023இல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னியிலும், 1462 சிசி கே15பி எஞ்சினோடு, விசையை ஏறத்தாழ இரு மடங்காக்கும் குறைவேகக் கியர் இருக்கிறது.

ஆனால் அந்தக் கியரைத் தார்ச் சாலையில் போட்டு ஓட்டக் கூடாது. முன், பின் அச்சுகளை இறுகப் பிணைப்பதால், வளைவில் திரும்பும்போது பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். சேற்றுக்கும் கல்லுக்கும் அமைந்த விடை அது. இன்று மலைக் கிராமங்களுக்குப் பெரும்பகுதி தார்ச் சாலைதான். அங்கே இந்தக் கட்சி சொல்லித்தரும் பாடம் எளியது: வளைவுக்கு முன்பே கியரைக் குறை, இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கு. எந்த எஞ்சின் குடும்பத்துக்கும் பொருந்தும் பாடம் இது.

இன்றைய விடை: நீண்ட பயணம், குறைந்த செலவு

2024 மே மாதம் ஸ்விஃப்ட்டில் வந்த இசட்12இ, நான்கு சிலிண்டர் கே12ஐ மாற்றி மூன்று சிலிண்டருக்குத் திரும்பியது. கொள்ளளவு மாறவில்லை, அதே 1197 சிசி. திறன் 90இலிருந்து 82ஆகக் குறைந்தது. முறுக்குவிசை 113இலிருந்து 112, கிட்டத்தட்ட அதே அளவு. நிறுவனம் அறிவித்த மைலேஜ் கையால் கியர் மாற்றும் வண்டிக்கு லிட்டருக்கு 22.38 கிலோமீட்டரிலிருந்து 24.8ஆக உயர்ந்தது.

இங்கே சுசுகியின் முப்பது ஆண்டுப் போக்கு ஒரே பார்வையில் தெரிகிறது. ஜென் எஞ்சின்: விட்டம் 72, பயணம் 61. கே12: விட்டம் 73, பயணம் 71.5. இசட்12: விட்டம் 74, பயணம் 92.8. மூன்று தலைமுறையில் விட்டம் இரண்டே மில்லிமீட்டர் மாறியிருக்கிறது. பயணமோ பாதிக்கும் மேல் நீண்டிருக்கிறது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 248 சிசியிலிருந்து 299ஆகி, இப்போது 399. பெரிய, உயரமான சிலிண்டர் வெப்பத்தைக் குறைவாக இழக்கிறது. சிலிண்டர் எண்ணிக்கை குறைந்தால் உராய்வும் குறைகிறது. சிக்கனத்துக்கான வடிவம் இது.

நீண்ட பயணம் என்றாலே அடிச் சுற்றில் இழுவை என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. அதை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். முறுக்குவிசை பெரிதும் கொள்ளளவைப் பொறுத்தது. அது எந்தச் சுற்றில் கிடைக்கும் என்பதை வால்வு, கேம், காற்றுக் குழாய் அமைப்புகள் தீர்மானிக்கின்றன. இசட்12இயின் உச்ச முறுக்குவிசையும் 4300 சுற்றில்தான் வருகிறது. கே12 அதைத் தந்தது 4400இல். உச்சம் அசையவில்லை. அதற்குக் கீழே உள்ள வளைவு மேம்பட்டிருக்கலாம். ஆனால் உச்ச எண்ணை மட்டும் அச்சிடும் விவரத் தாளிலிருந்து அதை அறிய வழியில்லை.

அழுத்த இயற்கை எரிவாயுவில் ஓடும் வண்டிகளும் இந்தச் சிக்கனக் கட்சியைச் சேர்ந்தவையே. எரிவாயு, காற்று புக வேண்டிய இடத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் திறன் குறைவது இயல்பு. கே12 எஞ்சின் பெட்ரோலில் 113 நியூட்டன் மீட்டர் தந்தது, எரிவாயுவில் 98.5. இதோடு உருளையின் எடையும் சேர்கிறது. ஏற்றம் தொடங்கும்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பதால் இது தடையல்ல, ஆனால் குறைதான்.

மின்சாரம் கொண்டுவரும் புதிய கணக்கு

மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தரும். வளைவில் சுற்று குறைவதைப் பற்றிய கவலையே அங்கு எழாது. 2022இல் வந்த கிராண்ட் விட்டாராவின் ஹைப்ரிட் வகை இதில் ஒரு பங்கைத் தொட்டது. ஆனால் அதன் 1490 சிசி எஞ்சின் சுசுகியுடையது அன்று, டொயோட்டாவுடையது. டீசலில் பெஜோவையும் ஃபியட்டையும் நாடிய அதே வழக்கம் இங்கும் தொடர்கிறது. 2025இல் குஜராத்தின் ஹன்சல்பூரில் இ-விட்டாராவின் உற்பத்தி தொடங்கியதோடு, எஞ்சின் குடும்பமே இல்லாத முதல் சுசுகி கார் இந்தியாவில் உருவானது.

மின்வண்டியின் பெரிய ஆதாயம் இறக்கத்தில் இருக்கிறது. 1250 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 1.7 யூனிட் மின்சாரம். பெட்ரோல், டீசல் வண்டிகளில் இது முழுவதும் எஞ்சின் எதிர்ப்பிலும் பிரேக் சூட்டிலும் வீணாகிறது. மின்வண்டி அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பும், பிரேக்கும் தேயாது. ஆனால் பேட்டரி நிரம்பிய நிலையில் மேலிருந்து இறங்கத் தொடங்கினால் திருப்பிச் சேர்க்க இடமிருக்காது. எடையும் கூடுதல் என்பதால் ஏறும்போது கேட்கும் ஆற்றலும் கூடுதல். மின்வண்டியை நம்புவதா என்பதை மலையில் சார்ஜ் ஏற்றும் இடமும், பழுதானால் பார்க்கத் தெரிந்த கைகளும்தான் கடைசியில் முடிவு செய்யும்.

விடைகளை மாற்றியது எது

இத்தனை விடைகளும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்ததற்கு மலை காரணமா? சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. 2006 நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்குள் அடங்கிய, பெட்ரோலானால் 1200 சிசிக்கும் டீசலானால் 1500 சிசிக்கும் மிகாத கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைத்தது. அதன்பின் ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் எஞ்சின் 1298இலிருந்து 1197 சிசியாகச் சுருங்கியது. இசட்12இயும் அதே 1197இல் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த சரக்கு, சேவை வரி மாற்றத்திலும் சிறு பெட்ரோல் காருக்கான எல்லை அதே 1200 சிசிதான்.

2010 ஜூனில் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் இரண்டுக்கும் இருந்த விலை இடைவெளி டீசல் காரின் பொற்காலம். இடைவெளி சுருங்கியதும் ஆர்வமும் சுருங்கியது. பிஎஸ்6 விதி டீசலின் புகையைச் சுத்திகரிக்கும் செலவை ஏற்றியபோது, சிறு காரில் அது கட்டுப்படியாகவில்லை. எஃப் குடும்பத்தின் நெடிய வாழ்வும், 2023 ஏப்ரலில் சாலையில் ஓட்டியே புகையை அளக்கும் விதி வந்ததை ஒட்டி ஆல்ட்டோ 800 நிறுத்தப்பட்டதோடு முடிந்தது.

எஞ்சின் குடும்பங்களின் பிறப்பையும் இறப்பையும் வரியும் விலையும் புகைச் சட்டமும்தான் பெரிதும் தீர்மானித்திருக்கின்றன. ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது என்பது விளைவாக வந்த பண்பு. நோக்கமாக இருந்ததற்கான அடையாளம் ஜிப்ஸி, ஜிம்னி வரிசையைத் தவிர வேறெங்கும் தெளிவாக இல்லை.

மதிப்பீடு

சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஜவ்வாது மலை போன்ற நடுத்தர உயரத்துக்கு, எஃப்8பி முதல் இசட்12இ வரை எந்தச் சுசுகி எஞ்சினும் திறனில் போதாதது அன்று. நீண்ட நேர் ஏற்றத்தில் முழுச் சுமையோடு டீசலும் டர்போ பெட்ரோலும் முந்துகின்றன. மெதுவான வளைவில் அந்த முந்துதல் பெரிதும் கரைகிறது. உச்சக் குதிரைத்திறன், மைலேஜ் ஆகிய இரு எண்களைக் கொண்டு மலைக்கான வண்டியைத் தேர்ந்தெடுப்பது பிழையாக முடியலாம். 1000 முதல் 2000 சுற்று வரை கிடைக்கும் முறுக்குவிசை, முதல் இரண்டு கியர்களின் விகிதம், முழுச் சுமையில் மொத்த எடை ஆகிய மூன்றும் அவற்றைவிட உண்மையைச் சொல்லும்.

தீராதவையும் உண்டு. மூன்று சிலிண்டர் நீள்பயண எஞ்சின், ஆண்டுக்கணக்கில் தாழ்ந்த சுற்றில் சுமை இழுத்தபின் எப்படி இருக்கும் என்பதற்கு இசட் குடும்பத்தின் வயது போதாது. எரிவாயு வண்டி மலை மக்களின் அன்றாட வண்டியாக முடியுமா என்பதும், இறக்கத்தில் மீளும் மின்சாரம் பேட்டரியின் கூடுதல் எடையை ஈடுகட்டுமா என்பதும், அளந்து பார்த்து விடை காண வேண்டியவை. சோதனைக் கூடத்தில் அளக்கும் மைலேஜைத் தாளில் அச்சிடுவதுபோல, தாழ்ந்த சுற்றின் முறுக்குவிசையையும், முழுச் சுமையில் வண்டி எவ்வளவு செங்குத்தான ஏற்றத்தில் நின்று புறப்படும் என்பதையும் நிறுவனங்கள் அச்சிட வேண்டும். ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் வண்டி வாங்குகிறவர் கொடுக்கும் பணம் சமவெளிக்காரர் கொடுப்பதற்குக் குறைந்ததன்று. அவர் ஓட்டப்போகும் சாலைக்கான விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு உண்டு.